விழுபவளுக்கு ஒரு தார்ப்பாய்

கச்சிராயபாளையத்தில் இட ஒதுக்கீட்டு மறியல். கரும்பு லாரிகள் நகரவில்லை. வெட்டி முடித்த வயலோரம் ஆட்கள் சும்மா நிற்கிறார்கள். கல்வராயன் மலையிலிருந்து பாராகிளைடரில் பறந்து வரும் என் தோழி சுதா அந்த வயலில்தான் இறங்க வேண்டும்.

திடீரென்று அவள் தலைக்கு மேலிருக்கும் துணி இறக்கையின் ஒரு பக்கம் மடங்குகிறது. சுதா பதறவில்லை. உடம்பை மறுபக்கம் சாய்த்துக் காத்திருக்கிறாள். இறக்கை படாரென விரிகிறது. என்ன நிதானம்! அதற்குள் வயலோரம் நின்றவர்கள் லாரித் தார்ப்பாயை இழுத்துவந்து வயல் நடுவே விரித்துப் பிடித்துவிட்டார்கள்.

"அண்ணா, நவுருங்க! வேகமான இறக்கை அது, நீளமா காலி எடம் வேணும்!" என்று கத்துகிறேன்.

"இன்னா தம்பி பேசுற? பொண்ணு வுழுந்துகினு இருக்குது, புடிக்க வேணாமா?" என்கிறார் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்திருக்கும் முண்டாசுக்காரர்.

சுதா தார்ப்பாயைப் பார்த்துவிட்டாள். தரை நெருங்குகிறது, வெடுக்கென்று திருப்பினால் இறக்கை அவளைக் கவிழ்த்துவிடும். ஒரு பக்கக் கயிற்றை மெல்ல, மிக மெல்ல இழுக்கிறாள். கூட்டத்தை விட்டு விலகி, வரப்போரமாக வழுக்கி வந்து, நாலு எட்டு ஓடி நிற்கிறாள். நான் விசிலடிக்கிறேன்.

தார்ப்பாயை இன்னும் விடாத முண்டாசுக்காரர் என்னைப் பார்க்கிறார். "இன்னாப்பா, வுழவே இல்லியே!"