ஸ்டீயரிங்கின் உள்விட்டம்

பால் வாங்கப் போகும் வழியில் ஒரு லாரியைக் குளிப்பாட்டுகிறார்கள். வட இங்கிலாந்தின் இந்தச் சிறு நகரத்துக்கு நான் குடிவந்த முதல் சனிக்கிழமையே அதைப் பார்த்தேன். மூடிக்கிடக்கும் நூற்பாலைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதன் வாசலில் கரும்பச்சை நிறத்தில் பழைய லாரி, சுற்றிலும் துணியும் வாளியுமாக ஆறேழு கிழவர்கள். அடுத்த சனிக்கிழமையும் துடைத்தார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை மழை. ஒருவர் குடை பிடிக்க இன்னொருவர் துடைத்தார். அந்த லாரியில் ஒரு மூட்டை ஏறி நான் பார்த்ததில்லை. எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு லாரி சரக்கு ஏற்றாமல் ஒரே இடத்தில் நின்றால், ஒன்று எஞ்சின் போயிருக்கும், அல்லது அண்ணன் தம்பிக்குள் கோர்ட்டில் கேஸ் நடக்கும். எஞ்சின் நன்றாக உறுமியது. ஆகவே கேஸ்தான் என்று முடிவு செய்தேன். “லாரி கேஸ் இன்னும் முடியவில்லை” என்று என் நாட்குறிப்பில் மூன்று ஆண்டுகளில் பதினொரு இடங்களில் எழுதியிருக்கிறேன்.

நாட்குறிப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து ஒரு நாளும் விட்டதில்லை. எழுந்த நேரம், மழை உண்டா இல்லையா, யாரோடு என்ன பேசினேன் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிழைப்பும் அதற்கேற்றதுதான்: ஒரு மருத்துவமனையில் பழைய கோப்புகளை வரிசை மாறாமல் அடுக்கிவைக்கிறேன். எல்லாவற்றையும் குறித்துவைப்பதில் ஒரு தொல்லை, நம் நிலைமை நமக்கே துல்லியமாகத் தெரிந்துவிடும். ஒருநாள் புரட்டிப் பார்த்தபோது, அலுவலகத்துக்கு வெளியே இந்த ஊர்க்காரர் ஒருவரோடு நான் அதுவரை பேசியதில் மிக நீண்ட உரையாடல் நான்கு நிமிடம் என்று தெரிந்தது. எந்தக் கிழமை எந்த நிறக் குப்பைத்தொட்டியை வெளியே வைப்பது என்பது பற்றி.

அந்த வருத்தத்தில்தான் ஒரு சனிக்கிழமை கொட்டகை வாசலில் நின்று, உயரமான ஒரு பெரியவரிடம், “இந்த லாரி எப்போது வேலைக்குப் போகும்?” என்று கேட்டேன். அவர் பெயர் ரெஜ் என்பது பிறகு தெரிந்தது.

“வேலைக்கா? இது வேலை செய்து முடித்துவிட்டது. இப்போது இதற்கு நாங்கள் வேலை செய்கிறோம்.”

“அப்படியானால் ஏன் விற்கவில்லை?” என்றேன்.

துடைத்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. நிலைமையைச் சரிசெய்ய வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “நான் சிறுவனாக இருந்தபோது இதே மாதிரி லாரி எங்கள் ஊர் ரோட்டில் ஓடியது. சரக்கோடு.”

யாரோ ஒரு முக்காலியை என் பக்கம் நகர்த்தினார்கள். யாரோ தேநீர் கொடுத்தார்கள். அன்று நான் அங்கே இருந்தது ஒரு மணி நாற்பது நிமிடம். பால் வாங்க மறந்துபோனேன். மூன்றாவது வாரம் எனக்கென்று ஒரு கோப்பை வந்தது. லாரிக் கதவுகளில் பெயர் எழுதிப் பிழைத்த ஒருவர் அதில் என் பெயரின் முதல் எழுத்தைத் தங்க நிறத்தில், நிழல் விழுவதுபோல எழுதியிருந்தார். பத்தொன்பது ஆண்டுகளில் இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது: இந்திய லாரிகளைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த லாரி விவரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் தீர்ந்துபோயிருந்தது. பதினொரு வயதில், உதவித்தொகைப் பரீட்சை எழுத ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து புதுக்கோட்டைக்குப் போக வேண்டிய அன்று பஸ் ஓடவில்லை. அப்பா என்னை ஒரு நெல் லாரியில் ஏற்றிவிட்டார். அந்தக் காலத்து வண்டியில் எஞ்சின், ஓட்டுநருக்கு அருகிலேயே, ஒரு தகர மூடிக்குள் இருக்கும். மூடியின் மேல் சாக்கைப் போட்டு என்னை உட்காரவைத்தார்கள். கீழே சூடு, மூக்கில் டீசல். அறந்தாங்கி தாண்டுவதற்குள் ஓட்டுநரின் சாப்பாட்டுத் தூக்கின் மேல் வாந்தி எடுத்தேன். அவர் வண்டியை நிறுத்தி, தூக்கைக் கழுவி, என்னைப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்துவிட்டார். பரீட்சையில் தேறினேன். லாரியில் தேறவில்லை.

கொட்டகையில் இதை நான் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன், அதையே அவர்கள் ஞானம் என்று எடுத்துக்கொண்டார்கள். ரெஜ் பேசினால் நேரம் போவது தெரியாது. ஒரு காலத்தில் இங்கே ஊருக்கு ஊர் ஒரு லாரிக் கம்பெனி, கம்பெனிக்கு ஒரு குடும்பம், குடும்பத்துக்கு ஒரு நிறம். மலைச்சாலையில் எதிரே வருவது யார் வண்டி என்று அரை மைலுக்கு அப்பாலேயே நிறத்தை வைத்துச் சொல்லிவிடுவார்களாம். நீலமும் வெள்ளையும் என்றால் கம்பளிக்காரன், செங்கல் நிறம் என்றால் செங்கல்காரனேதான். கரும்பச்சை என்றால் டார்ன்வெல் அண்ட் சன்ஸ், ரெஜ் இருபத்தாறு ஆண்டு ஓட்டிய கம்பெனி. வண்டியில் ஹீட்டர் கிடையாது. குளிர்காலத்தில் முழங்காலில் செய்தித்தாளைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். எஞ்சின் மூடியின் மேல் இறைச்சி அடைத்த பலகாரத்தை வைத்துவிட்டால் நான்காவது ஊரில் சூடாக இருக்கும். (அந்த மூடியின் வேறொரு பயன் எனக்குத் தெரியும், சொல்லவில்லை.) பிறகு பெரிய கம்பெனிகள் சின்னக் கம்பெனிகளை விழுங்க, அவற்றை அதைவிடப் பெரியவை விழுங்க, இப்போது எல்லா லாரியும் வெள்ளை. “யார் வருகிறார் என்றே தெரிவதில்லை,” என்பார் ரெஜ், ஏதோ தெருவில் போகும் மனிதர்களைப் பற்றிச் சொல்வதுபோல.

டார்ன்வெல் கம்பெனியை மூடிய நாளில் ஆளுக்கொன்றாக நினைவுக்கு எடுத்துப் போனார்களாம். யாரோ இந்த வண்டியின் ஸ்டீயரிங்கைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். இப்போது இருப்பது டிராக்டர் ஸ்டீயரிங். மே மாதம் நகர ஊர்வலத்தில் வண்டியை ரெஜ் ஓட்டுவார். அவருக்கு எண்பத்திரண்டு வயது, அடுத்த கண் பரிசோதனையில் லைசென்ஸ் தப்பாது என்று அவரே சொல்கிறார். அதற்குள் பழைய ஸ்டீயரிங் கிடைத்தால் நன்றாக இருக்கும். இதே லாரியை அதே அச்சில் சென்னையிலும் செய்தார்கள் என்பதால், நான் மாசி மாதம் ஊருக்குப் போகிறேன் என்றதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஒன்று கொண்டுவருகிறேன்,” என்றேன். இல்லாத அறிவைத் தேநீரோடு சேர்த்து எத்தனை காலம் குடிப்பது? ஸ்டீயரிங் இல்லாமல் திரும்பினால் நான் மறுபடியும் குப்பைத்தொட்டி பற்றிப் பேசுகிறவன். அந்த முக்காலியை இழக்க நான் தயாராக இல்லை.

ஏற்பாடுகள் எல்லாம் என் பாணியில் நடந்தன. ரெஜ் வைத்திருந்த பழைய புகைப்படங்களிலிருந்து ஸ்டீயரிங்கின் வெளிவிட்டம், கைப்பிடியின் பருமன், கம்பிகள் எத்தனை, எந்தக் கோணம் என்று இரண்டு பக்கம் எழுதி, ஆவுடையார்கோவிலில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் மனைவியின் தம்பி செல்வராசுவுக்கு அனுப்பினேன். எட்டாவது நாள் அவனிடமிருந்து படம் வந்தது. மீமிசல் பக்கம் ஒரு உப்பளத்தில், பாத்தியிலிருந்து ரோட்டோரக் கிடங்குவரை உப்பு அடிக்கும் லாரி. மெயின் ரோட்டுக்கு அது வருவதே இல்லை. கதவு ஒரு பக்கம்தான் இருந்தது. ஆனால் ஸ்டீயரிங் அதேதான்.

திருச்சியில் இறங்கிய மறுநாள், மாற்றாகக் கொடுக்கப் புது ஸ்டீயரிங் ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு செல்வராசுவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியில் டீக்கடையில் ஒருவர், “வண்டி எங்கங்க, பின்னாடி வருதா?” என்று கேட்டார். செல்வராசு, “மாமா லண்டன்லேருந்து இதுலயேதான் ஓட்டிக்கிட்டு வாராரு,” என்றான்.

லாரிக்காரர் ஜமால் அண்ணனுக்கு அறுபத்தைந்து இருக்கும். பதினான்கு ஆண்டு வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டிவிட்டு வந்து, இந்த வண்டியை வாங்கியவர். நான் வந்த காரியத்தை முதலிலிருந்து, தேதிவாரியாக விளக்கினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“அந்த வெள்ளக்காரப் பெரியவருக்கு வண்டியில என்ன லோடு?”

“லோடு கிடையாதுண்ணே. தொடைச்சு வச்சிருக்காங்க.”

“தொடச்சு?”

“ஆமாண்ணே. சனிக்கிழமை சனிக்கிழமை.”

அவர் செல்வராசுவைப் பார்த்தார். செல்வராசு, “அங்கிட்டு எல்லாம் அப்படித்தான் பாய்,” என்றான், அங்கேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி.

“தர்றதுல ஒண்ணுமில்ல தம்பி,” என்றார் ஜமால் அண்ணன். “ஆனா இதக் கழட்டுனா வண்டி நின்னுரும். இங்கிட்டு வந்து பாருங்க.” ஸ்டீயரிங் நடுவில் இருந்த மூடியைத் திருகி எடுத்தார். “தண்டுல பல்லு இருக்கா? வீலு ஓட்டைக்குள்ளயும் பல்லு இருக்கா? ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேந்தே தேஞ்சிருக்கு. இந்தத் தண்டுல வேற வீலு உக்காராது, இந்த வீலு வேற தண்டுல உக்காராது. நீங்க கொண்டாந்தத மாட்டுனா கையோட சுத்தும், சக்கரம் திரும்பாது.” மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு, “ஓட்டை அளவு எழுதிக்கிட்டு வந்தீங்களா?” என்று கேட்டார்.

என் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். வெளிவிட்டம் இருந்தது, கைப்பிடியின் பருமன் அரைக்கால் அங்குல சுத்தமாக இருந்தது, கம்பிகளின் கோணம் இருந்தது. உள்விட்டம் இல்லை. பல் இல்லை. ஸ்டீயரிங் என்பது எதிலோ மாட்டப்படும் பொருள் என்பதே இரண்டு பக்கத்திலும் இல்லை.

“மாமா லாரியப் பத்தி எல்லாம் தெரிஞ்சவரு பாய்,” என்றான் செல்வராசு. “அங்க சங்கத்துல முக்கியமான ஆளு.”

“அப்படியா. ஓட்டுவீங்களா தம்பி? ஏறுங்க, சும்மா ஒரு ரவுண்டு.”

“இல்லண்ணே, பரவால்ல,” என்றேன்.

அன்று சனிக்கிழமை, மணி நான்கு. அங்கே காலை பத்தரை, கொட்டகையில் முதல் சுற்றுத் தேநீர் நேரம். கெட்ட செய்தியைத் தள்ளிப்போடும் பழக்கம் எனக்கு உண்டு. அதோடு, தள்ளிப்போட்டதை நாட்குறிப்பில் எழுதும் பழக்கமும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சுமக்க முடியாமல் அங்கேயே வீடியோவில் கூப்பிட்டேன். ரெஜின் நெற்றியும் அவருக்குப் பின்னால் கரும்பச்சைக் கதவும் தெரிந்தன. ஸ்டீயரிங் கிடைக்காது என்று சொன்னேன். பற்கள் தேய்ந்த கதையைச் சொன்னேன். உள்விட்டத்தை அளக்க மறந்ததைச் சொன்னேன். ஆரம்பித்தது ஆரம்பித்துவிட்டது என்று, என் வாழ்நாளில் நான் லாரி ஓட்டியதில்லை, ஒரே ஒருமுறை ஏறி வாந்தி எடுத்ததோடு சரி என்பதையும் சொல்லிவிட்டேன். முக்காலி போனால் போகட்டும்.

“அது எங்களுக்கு முதல் நாளே தெரியும்,” என்றார் ரெஜ். “உன்னிடம் டயரைக் கழற்றும் லீவரை எடுத்துத் தரச் சொன்னேன், நீ எனக்கு ஒரு கரண்டியைக் கொடுத்தாய். அதை விடு. வண்டி ஓடுகிறதா? காட்டு.”

காட்டினேன். ஜமால் அண்ணன் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். அந்தச் சத்தம் அங்கே போய்ச் சேர்ந்ததும் ரெஜின் நெற்றி மறைந்து முழு முகமும் திரைக்கு வந்தது. அவர் ஒன்று கேட்டார். நான் சரியான சொல் தேடிக்கொண்டிருக்கும்போதே ஜமால் அண்ணன் தலையாட்டி, “லெஃப்ட், லெஃப்ட். ஆல்வேஸ் புல்லிங்,” என்றார். அங்கே ரெஜ் இல்லாத ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் வலப்பக்கம் இழுத்துப் பிடித்துக் காட்டினார். இங்கே ஜமால் அண்ணன் இருக்கிற ஸ்டீயரிங்கை அதேபோல இழுத்துப் பிடித்தார். இடப்பக்கம் ஒதுங்குவது அந்த வண்டியின் பிறவிக்குணமாம். நான் வாராவாரம் அதன் பக்கத்தில் தேநீர் குடித்தும் கேள்விப்படாதது.

பிறகு கியர் பற்றி ஏதோ வந்தது. நான், “அவர் என்ன கேக்குறாருன்னா…” என்று ஆரம்பித்தேன்.

“புரியுது தம்பி. கியர் மாத்த கிளட்ச ரெண்டு மிதி,” என்றார் ஜமால் அண்ணன், வாயால் கியர் மாறும் ஓசையை எழுப்பி. மறுமுனையிலிருந்து அதே ஓசை, கொஞ்சம் பல் இல்லாத குரலில், திரும்பி வந்தது. அங்கே ஐந்தாறு கிழவர்கள் சிரித்தார்கள்.

“அவரிடம் சொல்,” என்றார் ரெஜ் என்னைப் பார்த்து, “அதைக் கழற்றவே கூடாது. வேலை செய்கிற வண்டி அது. எனக்கு டிராக்டர் ஸ்டீயரிங் போதும். அடுத்த சனிக்கிழமையும் இதே நேரத்துக்கு வரச் சொல். பிரேக்கைப் பற்றிப் பேச வேண்டும்.”

சொன்னேன். எனக்கு வியாழக்கிழமை விமானம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

“அதுக்கென்ன,” என்றார் ஜமால் அண்ணன். “என் நம்பர அவருக்கு அனுப்பி விட்ருங்க. நாங்க பேசிக்கிறோம். நீங்க எதுக்கு ஊடால அலையணும்?”

அங்கேயே, அப்போதே அனுப்பினேன். அனுப்பி முடித்ததும் எனக்கு வேலை ஒன்றும் இல்லாமல் போயிற்று, கைபேசியைப் பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிர. பெடலைப் பார்க்க வேண்டும் என்று ரெஜ் கேட்க, கதவில்லாத பக்கத்துப் படியில் ஒற்றைக் காலை ஊன்றிக் கையை உள்ளே நீட்டினேன். திரையின் பெரிய கட்டத்தில் கொட்டகை, மூலையில் இருந்த சின்னக் கட்டத்தில் மீமிசல். ஒன்றில் ரெஜ், ஒன்றில் ஜமால் அண்ணனின் பாதம். இரண்டிலும் நான் இல்லை. சின்னக் கட்டத்தின் ஓரத்தை மட்டும் பழுப்பாக, மங்கலாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது.

“உன் கட்டைவிரல்,” என்றார் ரெஜ். “பெடல் தெரியவில்லை.”

“தம்பி, வெரல எடுங்க,” என்றார் ஜமால் அண்ணன், அதே நேரத்தில்.

எடுத்தேன்.