லோ பண்ணின காருக்கு ஷாக் பார்த்தது

என் மனைவி இனிமேல் என் காரில் ஏறுவதில்லை என்று சொல்லி, சனிக்கிழமைதோறும் ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் சேலம் போய்வர ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சேலத்தில் அவளுடைய அப்பா தனியாக இருக்கிறார். வாரம் ஒரு நாள் போய்த் துணி துவைத்து, இரண்டு வேளைக்குக் குழம்பு வைத்துவிட்டு வருவாள். அந்தப் போக்குவரத்துக்கென்றுதான் காரே வாங்கினேன். வாங்கின பிறகு அவள் பஸ்ஸில் போகிறாள். எனக்கும் சேலத்தில் வேலை இருக்கிற நாளில் அதே பஸ்ஸுக்குப் பின்னால் நான் காரில் தனியாகப் போகிறேன். இதைக் கவனித்துவிட்டு ஏற்காடு பஜாரில் டீக்கடைக்காரர், "ஏனுங்க, ஊட்டுல சண்டைங்களா, இல்ல பஸ்ஸுக்கு நீங்க காவலுங்களா?" என்று கேட்டார்.

சண்டையெல்லாம் இல்லை. இடுப்புவலி.

தப்பு காரில் இருந்தது. அந்தக் காரைப் பிடித்து வாங்கியவன் நான். காப்பி எஸ்டேட்டில் இருபது வருஷத்துக்கு மேல் ஜீப் ஓட்டினவன். அத்தனை காலம் உயரத்தில் உட்கார்ந்து ஓட்டினதாலோ என்னவோ, தரையோடு தரையாகப் போகிற கார்மேல் ஒரு ஆசை. கீழே சேலத்தில் கல்லூரி முடித்த ஒரு பையன் ஸ்பிரிங்கை மாற்றி லோ பண்ணி வைத்திருந்த காரைப் பார்த்ததும் வேறு எதையும் பார்க்கவில்லை. டயருக்கும் மேலே இருக்கிற தகரத்துக்கும் நடுவில் மூன்று விரல்தான் போகும். ஊருக்குள் கொண்டுவந்த அன்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பக்கத்து ஊரான வெள்ளக்கடைக்காரர் ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கோழி அடைகாக்கிற மாதிரி இருக்கிறது, முட்டை எப்போது பொரியும் என்று கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. அப்படித்தான் இருந்தது.

காரைத் தாழ்த்தினால் சக்கரம் மேலே ஏறி இறங்குவதற்கு இருக்கிற இடமும் குறைந்துவிடும். பழைய ஷாக் அப்சார்பர் முழு உயரக் காருக்கு அளவெடுத்தது. தாழ்ந்த காரில் அது பாதி அமுங்கியே கிடக்கும். ஒரு பள்ளம் வந்தால் மிச்சமிருக்கிற பாதியும் தீர்ந்து, உள்ளே இருக்கும் ரப்பர் கட்டையில் போய் இடிக்கும். அந்த இடி நேரே சீட்டுக்கு வரும். என் மனைவி அதை இப்படிச் சொன்னாள்: "கீழ இருந்து யாரோ உலக்கையால குத்தறாப்ல இருக்குதுங்க."

ஆகவே புது ஷாக் பார்க்கப் போனேன். சேலத்தில் இந்த வேலை மட்டும் செய்கிற ஒரு ஃபிட்டர் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசாதவர். இரண்டு வகையை மேஜைமேல் வைத்தார். ஒன்று கம்பெனி அளவு, உள்ளே ஆயில் மட்டும். மெத்தென்று இருக்கும், ஆனால் என் காருக்கு நீளம் அதிகம். இன்னொன்று லோ பண்ணின காருக்கென்றே உடம்பைக் குட்டையாகச் செய்தது, கேஸ் அடைத்தது, கொஞ்சம் விறைப்பு. டேப்பை வைத்து நாலு சக்கரத்துக்கும் மேலே இடைவெளி அளந்து எழுதிக்கொண்டு, குட்டையையே போடச் சொன்னார். போட்டோம். திரும்பி வரும்போது இருபது கொண்டை ஊசி வளைவையும் இடிக்காமல் ஏறி வந்தது.

அடுத்த சனிக்கிழமை மனைவியைக் கெஞ்சி ஏற்றினேன். வீட்டிலிருந்து பஜாருக்கு வருகிற வழியில் ஒரு சின்னப் பாலம், பாலம் முடிகிற இடத்தில் ஒரு பள்ளம். மெதுவாகத்தான் இறக்கினேன். பழையபடியே பின்னால் இடித்தது. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "ஓரமா நிறுத்துங்க, நா பஸ்ஸுல வாரேன்" என்றாள். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தாள்.

நான் நேரே ஃபிட்டரிடம் போனேன். போகிற வழியெல்லாம் என்னென்ன கேட்க வேண்டும் என்று அடுக்கி வைத்திருந்தேன். அவர் எதையும் காதில் வாங்காமல் ஷாக்கின் மேல் நட்டைப் பார்ப்பதற்காக டிக்கியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார்.

"ஏனுங்ணா, இது என்ன?"

"மணல் மூட்டை."

"எதுக்குங்ணா?"

எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. எங்கள் மலையில் ஜீப் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காலி ஜீப் எஸ்டேட் ரோட்டில் பின்பக்கம் துள்ளும். அதனால் இரண்டு மூட்டை மணலைப் பின்னால் போட்டுவைப்போம். வண்டி அடங்கிப் போகும். இத்தனை வருஷம் என் முதுகுக்குப் பின்னால் மணல் இல்லாமல் நான் வண்டி எடுத்ததே கிடையாது. கார் வாங்கின மறுநாளே அதிலும் இரண்டு மூட்டை ஏற்றிவிட்டேன். ஒரு ஆள் எடைக்கு மேலேயே இருக்கும்.

"நா அளந்த அன்னைக்கு இது இல்லீங்களே" என்றார்.

இல்லைதான். முதல் தடவையாகப் பட்டறைக்குப் போகிறோமே என்று முந்தின நாள் காரைக் கழுவி, மூட்டைகளை இறக்கி, டிக்கியைத் துடைத்து எடுத்துப் போயிருந்தேன், விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கூட்டிவைப்பதுபோல. திரும்பி வந்ததும் மறுபடி ஏற்றிவிட்டேன். ஏற்றினது நினைவில்கூட இல்லை.

அவர் மூட்டையோடு ஒரு தடவை அளந்தார், இறக்கிவிட்டு ஒரு தடவை அளந்தார். இரண்டு விரல் வித்தியாசம். அவர் கொடுத்த குட்டை ஷாக்குக்கு வேலை செய்ய இருந்த இடமே அவ்வளவுதான். அதில் நான் மணலை உட்காரவைத்திருக்கிறேன். ஜீப்பின் பட்டை ஸ்பிரிங் பாரத்துக்கென்று செய்தது, காலியாக இருந்தால் துள்ளும், காருக்கு அந்தக் கணக்கு இல்லை என்று விளக்கினார். கடைசியில், "ஜீப்புக்குக் குடுத்த மருந்தைக் காருக்கு ஊத்தியிருக்கீங்ணா" என்றார். அடுக்கி வைத்திருந்த கேள்விகளை நான் கேட்கவில்லை.

மூட்டைகளைப் பட்டறையிலேயே போட்டுவிட்டேன். காலிக் காரை அளந்தது போதாது, யாருக்காக மாற்றுகிறோமோ அவர்களை உட்காரவைத்துத்தான் இனி அளப்பேன் என்றும் சொல்லிவிட்டார். இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி சிரித்தாள், பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். பஸ்ஸில்தான் சேலம் வருவாள், பட்டறையில் நிற்கிற காரில் உட்காருவாள், அதோடு சரி.

அப்படியே வந்தாள். மடியில் பையை வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். ஃபிட்டர் டேப்பைப் பிடித்துக்கொண்டு காரைச் சுற்றினார். "தம்பி, என்னைய எடை போடறீங்களா?" என்று கேட்டாள். "எடையெல்லாம் கேக்க மாட்டனுங்க்கா, டேப்பே சொல்லீரும்" என்றார் அவர். பின்பக்கத்தைக் கையால் அமுக்கி விட்டார். இரண்டு மூன்று தடவை விட்டதும் அவள் நிறுத்தச் சொன்னாள்.

"தம்பி, அமுங்கறப்ப ஒண்ணுந் தெரியலீங்க. எந்திரிக்கறப்பத்தான் ஒதைக்குது."

அவர் என்னைப் பார்த்தார். இதை ஏன் நீங்கள் முதலிலேயே சொல்லவில்லை என்கிற பார்வை. எனக்குத் தெரியாது. அவளிடம் வலிக்கிறதா என்று மட்டும்தான் கேட்டிருந்தேன், எப்போது வலிக்கிறது என்று கேட்டதே இல்லை.

பிறகு இரண்டு வழி சொன்னார். பழைய கம்பெனி ஸ்பிரிங்கைப் போட்டுக் காரை உயர்த்திவிடலாம், ஒரு தொல்லையும் இல்லை. அல்லது உயரம் இப்படியே இருக்கட்டும். பின்னால் மட்டும் திருப்புவதற்கு ஒரு திருகு வைத்த ஷாக் போடலாம், மேலே எழும்புகிற வேகத்தை அதில் கூட்டிக் குறைக்கலாம். நான் உயர்த்திவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையாகத்தான் எடுத்தேன்.

"இப்படி இருக்கறதுதாங்க அவருக்குப் புடிச்சிருக்குது" என்று அவள் உள்ளேயிருந்து அவரிடம் சொன்னாள். "திருகறதையே போடுங்க. நா உக்காந்தே சொல்றேன்."

ஷாக் மாற்றி முடிகிற வரைக்கும் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு மறுபடி காரில் ஏறினாள். அவர் திருகை டக்கென்று ஒரு சொடுக்குத் திருப்புவார், அமுக்கி விடுவார், அவள் இல்லை என்பாள், இன்னொரு சொடுக்கு. வீட்டில் குழம்புக்கு உப்புப் பார்க்கிற முகம். ஏழாவது சொடுக்கில், போதும் என்றாள்.

வேலை முடிந்தபோது கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் சாவியைப் போட்டுக் காரைக் கிளப்பினேன். அவள் இறங்கவில்லை. அடிவாரம் தாண்டியதும் அவளுடைய அப்பாவைப் பற்றி ஆரம்பித்தாள்: பக்கத்து வீட்டில் கொடுத்த பாயசத்தை ஒளித்துவைத்துச் சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை எப்படி ஏறியது என்று இவளையே கேட்டாராம். வளைவுகள் ஒவ்வொன்றாகப் போயின. பஜாரைத் தாண்டி, பாலத்துக்கு முன்னால் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறினோம். கார் ஒருதரம் குனிந்து நிமிர்ந்தது. அவள் அப்பாவின் டாக்டர் என்ன சொன்னார் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இடையில் நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.