மேர்வினுக்குப் பிடிக்காத கூட்டம்

கொட்டகலை மேர்வின் எழுதும் கணினி மொழியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் இன்னும் நாலு பேர் வந்து சேர்ந்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். சில வருஷங்களுக்கு முன்னால், "இவ்வளவு நல்ல மொழி, ஒருத்தரும் சீண்ட மாட்டேங்கிறாங்களே" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் புலம்பியவரும் இவரேதான்.

தேயிலைத் தொழிற்சாலையில் மின்சார வேலை. கொழுந்து வாட்டும் காற்றாடிகள் ஈரம் பார்த்துத் தாமாக ஓடி நிற்பது அவர் எழுதிய நிரலால். அந்த மொழியில் கட்டளைகளுக்கே தமிழ்ப் பெயர் வைத்துக்கொள்ளலாம். காற்றாடிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, வேலை செய்கிறதா என்று பார்க்கும் பகுதிக்குப் 'பெரட்டு' என்று பெயர். காலையில் தோட்டத்தில் ஆட்களைப் பேர் கூப்பிடுவது போல. ஆகவே அடுத்த ஷிப்ட் சோலைமலையும் அதை வாசித்துத் திருத்துவார். மேர்வினுக்கு லீவு கிடைப்பதே அதனால்தான்.

பிறகு வெளிநாட்டில் பெரிய கம்பெனிகள் அந்த மொழியைப் பிடித்துக்கொண்டன. முன்பெல்லாம் அந்த மொழிக்கான இணையக் குழுவில் கேள்வி கேட்டால் மொழியை உண்டாக்கியவரே பதில் போடுவார். இப்போது யாரோ ஒருவர், ஆரம்பப் பாடத்தை வாசித்துவிட்டு வரும்படி மேர்வினுக்குச் சொன்னார். அதில் பாதி மேர்வின் எழுதியது.

அடுத்து யோசனை ஒன்று வந்தது: கட்டளைகளின் பெயர் மாற்றும் வசதி பெரிய கம்பெனிகளுக்குத் தொந்தரவு, எடுத்துவிடலாம். மொழியைப் பாவிப்பவர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள்.

ஹட்டனில் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கம்பியூட்டர் வகுப்பு நடத்துபவர் பவுலின், மேர்வினோடு படித்தவர். அந்த மொழியைச் சொல்லிக்கொடுக்கும்படி முன்பே கேட்டிருந்தார். "ஆள் கூடினா முத்தல் இலையும் கூடைக்குள்ள வரும்" என்று மறுத்த மேர்வின், இப்போது அவர் வாசலில் நின்றார்.

"என்ன மேர்வின், வழி தவறிட்டீங்களா?"

"ஓட்டு வேணும், பவுலின்."

"அதானே பாத்தேன். எலக்ஷனுக்கு மட்டும் லயத்து வீட்டுப் பக்கம் வர்றவங்க மாதிரி." பவுலின் நாற்காலியை இழுத்துப் போட்டார். "மொதல்ல சொல்லிக் குடுங்க. புடிச்சா போடுவாங்க."

சொல்லிக்கொடுத்தார். பிடித்தது. போட்டார்கள். வேறு நாடுகளிலும் தங்கள் பாஷையில் பெயர் வைத்திருந்தவர்கள் போட்டார்கள். வசதி தப்பியது.

அந்த ஞாயிறு காற்றாடிகளைச் சோலைமலையிடம் விட்டுவிட்டு, வட்டவளையிலுள்ள மகள் வீட்டுக்கு ரயிலேறினார் மேர்வின். நானும் கூட இருந்தேன். ஹட்டன் தாண்டியதும் ஃபோனை என் பக்கம் நீட்டினார். புதிய யோசனை: ஆரம்பப் பாடம் புரியவில்லை, முழுவதும் மாற்ற வேண்டும். கூடவே புதுப் பாடமும் எழுதிப் போட்டிருந்தவர் நிலக்ஷி, பவுலின் வகுப்பில் படிக்கும் ஃபாமசிக்காரப் பெண். வகுப்பு முழுதும் ஆதரவு.

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?"

"அந்தப் பிள்ளை எழுதினது தப்பா?"

"தப்பில்ல. என்னுதவிட நல்லா இருக்கு. அதான் சந்தேகமா இருக்கு."

றொசல்ல வரும்வரை அதையே திரும்பத் திரும்ப வாசித்தார். பிறகு, நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, ஆதரவு என்ற இடத்தில் விரலை வைத்து அழுத்தினார்.