ஒரே கட்டத்துக்கு இவ்வளவு யோசனையா?

கல்லூரி செஸ் டீமில் சிறந்த ஆட்டக்காரன் உட்காரும் முதல் போர்டு யாருக்கு என்று எனக்கும் அரியலூர் செந்திலுக்கும் சண்டை. லீவில் ஆன்லைனில் ஆடி முடிவு செய்வதாகப் பேச்சு. பெரம்பலூர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வரிசையாக இரண்டு கேம் தோற்றேன். நானா தோற்பது!

மூன்றாவதில் செக் வைத்தேன். அவன் ராஜா போக ஒரே ஒரு கட்டம்தான். அதற்கும் மற்ற மூவ் போலவே நேரம் எடுத்தான்.

“இதுக்குமா மாப்ள யோசிக்கிற?” என்று சாட்டில் தட்டினேன்.

“நெட்டு ஸ்லோடா.” பதில் உடனே வந்து விழுந்தது.

“பதில் மட்டும் பறந்து வருது? நான் ஆடுறதையெல்லாம் பக்கத்து கம்ப்யூட்டர்ல செஸ் புரோகிராம்ல போட்டு, அது சொல்றத ஆடுறியா?”

 அவன் தட்டினான், “கண்டுபுடிச்சிட்டியேடா. சரி வுடு, முதல் போர்டு ஒனக்கே!”

இப்போது முதல் போர்டில் நான்தான். ஆன்லைனில் யார் வந்தாலும், ராஜாவுக்கு ஒரே வழி விட்டு ஒரு செக் வைப்பேன். சட்டென்று நகர்த்தினால்தான் கம்ப்யூட்டர் இல்லை, ஆள்தான் என்று நம்பி ஆடுவேன்.