ஹாஜிரா டீச்சரின் கார் ஓடும்

செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்தது. என் மகள் பாப்பாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். இன்னாருடைய மகளும், இன்னாருடைய மனைவியும், அன்வர் அவர்களின் சகோதரியுமானவர் வஃபாத்தாகிவிட்டார் என்று அறிவித்தார்கள். இறந்தது யாரோ என்று நினைத்து அடுத்த வாயை ஊட்டினேன். எதிர்வீட்டு வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது, அது எங்கள் ஹாஜிரா டீச்சர் என்று. காரைக்காலில் பாதிப் பேருக்குப் புவியியல் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய பெயர் அந்த அறிவிப்பில் இல்லை. பள்ளிவாசலை மட்டும் குறை சொல்லவில்லை. நான் பிறந்த விழிதியூரில் ஒட்டுகிற இரங்கல் போஸ்டரிலும் கணவர் பெயரைத் தேடிப் பிடித்த பிறகுதான் போனது எந்தப் பெண் என்று தெரியும்.

பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பேசிய எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். அமைதியானவர். அதிர்ந்து பேசாதவர். அமைதியே உருவானவர். நானும் அங்கே ஆசிரியைதான். கடைசி வரிசையில் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் எழுதி, பேசி, முடித்துவிட்ட பிறகு தாமதமாக எழுதுகிறேன். அவரை அறிந்தவர்களே, ஹாஜிரா டீச்சர் அமைதியானவர் இல்லை. தயவுசெய்து அவரை அப்படி ஆக்காதீர்கள்.

ஒரு சனிக்கிழமை பாப்பாவுக்கு மூச்சு இரைத்தது. ஆட்டோ எதுவும் வரவில்லை. எல்லாம் திருநள்ளாறு சவாரிக்குப் போயிருந்தன. டீச்சர் தன் சின்ன வெள்ளைக் காரை எடுத்தார். சவூதியில் வேலை பார்த்த அவர் கணவர் ஒரு விடுமுறையில் வந்தபோது வாங்கிய கார் அது. அவர் மறைந்த பிறகு டீச்சரே ஓட்டக் கற்றுக்கொண்டார். வண்டி அப்போதே சரியாக இல்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இஞ்சின் உறுமும், இறங்கும், மறுபடி உறுமும், நின்றுவிடும். அன்றைக்கு அரசலாற்றுப் பாலத்தின் நடுவில் நின்றது. பின்னால் கோயிலுக்குப் போகும் பேருந்துகள் வரிசையாக ஹாரன் அடித்தன. டீச்சர் கதவைத் திறந்து இறங்கி, முதல் பேருந்தின் முன்னால் போய் நின்றார்.

"எதுக்கு இப்புடி அடிக்கிற? சனீஸ்வரன் எங்கயும் எந்திரிச்சுப் போயிட மாட்டாரு, நீ போற வரைக்கும் அங்கனதான் இருப்பாரு! வண்டில புள்ளைக்கி மூச்சு முட்டுது, எறங்கித் தள்ளு!"

பேருந்தில் சிரித்தார்கள். கறுப்பு வேட்டி கட்டிய நான்கைந்து பேர் இறங்கித் தள்ளினார்கள். வண்டி கிளம்பியது. ஆஸ்பத்திரி வாசல் வரை ஆக்சிலேட்டரை விடாமல் மிதித்துக்கொண்டே போனார். பாப்பா பிழைத்தாள். இதுதான் உங்கள் அதிர்ந்து பேசாதவர்.

அந்த வாரமே அவர் தம்பி அன்வர் பாய் வந்தார். நல்ல மனிதர், அக்காவின் மேல் உயிர். அதனால்தான் பிரச்சினையே. மெக்கானிக் ஒருவர் பார்த்துவிட்டு இஞ்சினே போய்விட்டது என்று சொல்லியிருந்தார்.

"லாத்தா, சொன்னா கேளு. ஞாயித்துக்கெழமை பழைய இரும்புக்காரர வரச் சொல்லியிருக்கேன். ஒனக்கு எங்க போவணும்னாலும் ஒரு போன் போடு, நான் வந்து ஏத்திக்கிட்டுப் போறேன்."

"நீ வர்ற நேரத்துக்கு நான் கெளம்பணும், நீ போற வழியில நான் எறங்கணும். அதுக்குப் பேரு ஏத்திக்கிட்டுப் போறதா, இழுத்துக்கிட்டுப் போறதா?"

"ஓடாத வண்டிக்கு இவ்வளவு பேச்சா?"

"ஓடிச்சுன்னா?"

"ஓடிச்சுன்னா நான் வாயே தொறக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சருக்கு அந்தக் கார் சொகுசு இல்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஒரு சாயங்காலம் கடற்கரைக்குப் போய்விட்டு வருவதற்கு அவருக்கு இருந்த ஒரே வழி. ஞாயிற்றுக்கிழமை அது போய்விட்டால் பிறகு எந்த இடத்துக்கும் யாராவது அழைத்துப் போக வேண்டும். ஆகவே அவர் இஞ்சினை நம்பினார், மெக்கானிக்கை நம்பவில்லை. ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஓடுகிற இஞ்சின் மேல் இடம் இடமாக நகர்த்திக் கேட்டார். ஒரு மூலையில் உஸ்ஸென்று காற்று உறிஞ்சும் சத்தம். அங்கே கொஞ்சம் கிளீனர் ஸ்ப்ரே அடித்ததும் இஞ்சின் சத்தமே மாறியது. இஞ்சினுக்குள் காற்று போகிற குழாய்க்கு இன்டேக் மேனிஃபோல்ட் என்று பெயர். அதற்கும் இஞ்சினுக்கும் நடுவில் ஒரு தட்டை அட்டை, அதுதான் கேஸ்கட். அது வெடித்து, வரக்கூடாத இடத்தில் காற்று நுழைகிறது. அவ்வளவுதான்.

"இஞ்சின் போவல வித்யா. நடுவுல ஒரு அட்டை போயிருக்கு. அதுக்குப் போயி மொத்த வண்டியையும் அடக்கம் பண்ணப் பாக்குறானுவ."

சனிக்கிழமை விடிந்ததும், இஞ்சின் சில்லென்று இருக்கும்போதே, அவர் வீட்டு வாசலில் இருவரும் ஆரம்பித்தோம். பாட்டரி ஒயரைக் கழற்றினோம். அடுத்து, மேனிஃபோல்டைச் சுற்றி ஏகப்பட்ட சின்னச் சின்ன ரப்பர் குழாய்கள். எதை எங்கிருந்து எடுத்தோம் என்று எப்படி நினைவு வைப்பது? டீச்சர் என் நெற்றியைப் பார்த்தார்.

"ஒங்கிட்ட பொட்டு அட்டை இருக்குல்ல? எடுத்துட்டு வா, எல்லாக் கலரும்."

குழாயில் ஒரு பொட்டு, அது மாட்டியிருந்த இடத்தில் அதே நிறத்தில் இன்னொரு பொட்டு. பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம். பாப்பாவும் தன் பங்குக்கு ஹாரனில் ஒன்று ஒட்டினாள்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாப்பா பிறந்ததிலிருந்து எனக்கு எதிலும் பயம். கேஸை மூடினேனா என்று நடுவழியில் திரும்பி வருவேன். அதனால் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் மூடிய கேஸ் குமிழைப் போனில் படம் எடுத்துக்கொள்வேன். பூட்டிய பூட்டை, பாப்பா குடித்த மருந்து பாட்டிலை, காய்ச்சல்மானியை, எல்லாவற்றையும். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். டாக்டரிடம் காட்டு என்றவர்களும் உண்டு. அன்றைக்கு என் போனைப் பார்த்த டீச்சர் சிரிக்கவில்லை.

"இதுல சிரிக்க என்னா இருக்கு? இஞ்சினையும் எடு. ஒவ்வொண்ணு கழட்டறதுக்கு முன்னாடியும் எடு."

எடுத்தேன்.

கடற்காற்றில் நட்டுகள் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தன. துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டுக் காத்திருந்தோம். கடைசி நட்டு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. டீச்சரின் கை நுழையவில்லை. என் கை நுழைந்தது. நட்டு உள்ளே விழுந்துவிட்டால், துவாரத்துக்குள் போய்விட்டால் என்று புலம்பினேன்.

"பயந்துக்கிட்டே செய்யி. பயம் போனப்புறம் செய்யலாம்னு இருந்தா மவுத்தாவுற வரைக்கும் ஒண்ணுமே செய்ய மாட்டோம்."

நட்டு என் விரலில் வந்தது. மேனிஃபோல்டை வெளியே எடுத்தோம். துவாரங்களில் துணியை அடைத்துவிட்டு, ஒட்டியிருந்த பழைய கேஸ்கட்டைச் சுரண்டி, இரண்டு பரப்புகளையும் துடைத்தோம். துணியை எடுத்துவிட்டு, டீச்சர் முன்பே வாங்கி வைத்திருந்த புதிய கேஸ்கட்டை வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து இரண்டு பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம். "சடை பின்னுறப்ப ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுப்போம்ல, அப்புடி" என்றார். பொட்டுக்குப் பொட்டு பார்த்துக் குழாய்களை மாட்டினோம், பாட்டரி ஒயரையும் பூட்டினோம். சாவியைத் திருப்பினார்.

வண்டி முன்னைவிட மோசமாக இருமியது.

அந்த நேரம் பார்த்து அன்வர் பாய் வந்தார். இஞ்சினை எட்டிப் பார்த்தார். "என்னா லாத்தா, காருக்குக் கல்யாணமா? பொட்டெல்லாம் வச்சு ஜோடிச்சிருக்க?"

"ஆமா, மாப்புள நீதான். போயி சட்டைய மாத்திக்கிட்டு வா" என்றார் டீச்சர். பாய் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆனால் டீச்சரின் முகம் வெளுத்திருந்தது. நான் போனைத் திறந்து படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கேஸ் குமிழ், பூட்டு, இஞ்சின், இஞ்சின், இஞ்சின். பெரிதாக்கிப் பார்த்தபோது தெரிந்தது. பொட்டு அட்டையில் சிவப்பும் இருந்தது, மெரூனும் இருந்தது. எண்ணெய்க் கை பட்டு இரண்டும் ஒரே நிறமாகியிருந்தன. இரண்டு குழாய்களை மாற்றி மாட்டியிருந்தோம்.

மாற்றினோம். சாவியைத் திருப்பினார். இஞ்சின் ஏறவில்லை, இறங்கவில்லை. ஒரே சீராக ஓடியது. டீச்சர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒன் பயந்தான் வண்டிய ஓட்டிச்சு. எவனாச்சும் இனிமே சிரிச்சா என்கிட்ட அனுப்பு."

ஞாயிற்றுக்கிழமை இரும்புக்காரர் வெறுங்கையோடு திரும்பினார். அன்வர் பாய் சொன்னபடி வாய் திறக்கவில்லை. டீச்சர் என்னை டிரைவிங் பள்ளியில் சேர்த்துவிட்டுத்தான் ஓய்ந்தார். லைசென்ஸ் வாங்கினேன். ஆனால் பக்கத்தில் டீச்சர் இல்லாமல் ஒரு தெருவைக்கூடத் தாண்டியதில்லை.

டீச்சருக்காக ஓதும் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குப் போயிருந்தேன். பந்தலில் அன்வர் பாய் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், வருகிற வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் இரும்புக்காரர் வருகிறார் என்று.

"பாய், அது ஓடுற வண்டி" என்றேன்.

"ஓடுற வண்டிதாம்மா. ஓட்ட ஆளு? நீ ஓட்டுறியா?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை, அழுது அழுது கண் வீங்கியிருந்தது. "ஓட்டுறவங்க இருந்தா சும்மாவே எடுத்துக்கிட்டுப் போவட்டும். லாத்தா வண்டி நின்ன எடத்துலயே துருப்புடிச்சுக் கெடக்கறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், எல்லோரும் கேட்கும்படி.

டீச்சரிடமிருந்து என்னிடம் இருப்பது இது: அந்தப் பழைய கேஸ்கட், ஓரம் வெடித்தது, சமையலறையில் கேஸ் குமிழுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. அந்தப் படங்கள், போனில். இன்னும் போகாத பயம், அதுவும் என்னிடமே இருக்கட்டும். அமைதியான ஹாஜிராவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் எங்கள் தெருவுக்கு வாருங்கள். பாப்பாவைப் பின்னால் உட்கார வைத்து, கேஸை மூடி, படம் எடுத்துவிட்டு, நான்தான் அந்தக் காரை எடுக்கப் போகிறேன். அரசலாற்றுப் பாலம் வழியாகவே போவேன். பயந்துகொண்டேதான் ஓட்டுவேன். வண்டி நடுவில் நின்றாலும் நிற்கலாம். யாராவது ஹாரன் அடித்தால் இறங்கிப் போய் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். இஞ்சின் மூடியைத் திறந்தால் சிவப்பு எது, மெரூன் எது என்றும் தெரியும்.