அண்ணன் போட்ட மாவுக் கடை

எழுத்துக்கும் எனக்கும் வெகுதூரம். பத்தாம் வகுப்போடு நின்றவள். அண்ணனைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அவர் மகள் கேட்டுக்கொண்டதால் துணிந்தேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் திண்டிவனத்தை அடுத்த சிற்றூரில் பிறந்தார். அப்பா சீக்கிரம் தவறிவிட்டார். அண்ணன் ஐ.டி.ஐ. முடித்து, ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை வேலை கிடைத்ததும், அம்மாவையும் என்னையும் குவார்ட்டர்ஸுக்கு அழைத்து வந்தார். எனக்கு வரன் அமையாததைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. அம்மாவும் பிறகு அண்ணியும் காலமானார்கள். மகள் திருமணமாகிக் கோயம்புத்தூர் சென்றாள். மிஞ்சிய நாங்கள் இருவரும் பேச ஒன்றுமில்லாமல் டிவி பார்த்துக்கொண்டிருப்போம்.

ஐம்பத்திரண்டு வயதில் அண்ணன் விருப்ப ஓய்வு பெற்று, அயனம்பாக்கத்தில் வீடு பிடித்து, முன்னறையில் இட்லி மாவுக் கடை போட்டார்.

"இந்த வயசுலயாண்ணா?" என்றேன்.

"இவ்ளோ நாள் ஃபேக்டரில அவன் சங்கு ஊதினான், ஓடினேன். இனிமே நாம ஊதலாம்மா."

ஆனாலும் பழக்கம் விடவில்லை. ஆலை விடும் நேரத்துக்குச் சரியாக ஷட்டரை இழுத்துவிடுவார். மாவு வாங்குகிறவர்கள் வருவதே அதற்குப் பிறகுதான். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் பாத்திரத்தோடு வந்து நின்று, "இன்னா அண்ணாத்தே, ஜனங்க மாவுக்கு வர்ற நேரத்துல மூடிகினு போறே! கவர்மென்ட் மாவா?" என்றார். தெருவே சிரித்தது. எல்லாரையும்விட அதிகம் சிரித்தவர் அண்ணன்தான்.

நான் உள்ளே அரைப்பேன், முன்னால் வரமாட்டேன். "ஒருநாள் நீ நின்னு வித்துப் பாரேன்" என்பார். மனிதர்களைக் கண்டால் எனக்கு நாக்கு எழாது.

சென்ற ஆண்டு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, "கடை?" என்று கேட்டார். "பூட்டிட்டேன்ணா" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சில நாளில் அங்கேயே காலமானார்.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற எதிர்வீட்டுக்காரருக்கும், காரியம் முடியும்வரை எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த குவார்ட்டர்ஸ் நண்பர்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

காரியம் முடிந்ததும் அண்ணன் மகள், "கிரைண்டரை வித்துட்டு எங்களோட வந்துடுங்க அத்தை. இந்த வயசுல தனியா என்ன பண்ணுவீங்க?" என்று அழுதாள். அப்புறம் வருகிறேன் என்று அனுப்பிவைத்தேன். அவள் போன பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அரிசியும் உளுந்தும் ஊறவைத்து, கிரைண்டரைப் போட்டேன். யாரோ இருப்பது போல இருந்தது.

மறுநாள் மாலை ஷட்டரைத் தூக்கி, கடையில் நின்றேன். நான்கு பேர் வந்தார்கள். மீதி மாவு புளித்துவிட்டது.