வாசலில் இருந்த செருப்பு

எனக்கு எண்பது வயது. மூன்று பிள்ளைகளைத் தனி ஆளாக வளர்த்தேன். கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் எழுதப் பேத்தி ஜமீலா இருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள்.

குடும்ப வரலாறு தொகுக்கிறாளாம். ஒவ்வொரு செய்திக்கும் கீழே அது எங்கே கிடைத்தது, யார் சொன்னது என்று குறிக்க வேண்டுமாம். நேற்று செல்போனை நீட்டினாள். அதன் புதுத் தோல் உறையின் வாசம்தான் முதலில் வந்தது. படம் பிறகுதான் கண்ணில் பட்டது. அந்தக் காலத்தில் எங்கள் பட்டினத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுத்த வாத்தியாரின் ரஃப் நோட்டு. அவர் மகன் அனுப்பியதாம்.

"உம்மம்மா, உங்க மச்சான் அந்த வருஷம் ஊர்லதான் இருந்திருக்காங்க. நோட்டுல பேரு இருக்கு. அப்படியே எழுதிடவா?"

என் வீட்டுக்காரரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். தோல் வாசம் என்றால் எனக்கு அவர் செருப்புதான். அதை வாசலில் விட்டுவிட்டு வியட்நாமில் சைகோன் ஜவுளிக்கடை வேலைக்குக் கப்பலேறினார். அங்கே சண்டை, இரண்டு வருடமாகக் கடிதம் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் செருப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவுவேன். எங்கள் தெருவில் கடல் கடந்து போனவரை யார் கேட்டாலும் "இல்லை" என்று சொல்ல மாட்டோம். "சபுர்ல இருக்காங்க", பயணத்தில் இருக்கிறார் என்போம். கணக்கெடுக்க வாத்தியார் சார் வந்த அன்று அதையும் சொல்லப் பயம். கடிதம் வருகிறதா என்று அடுத்துக் கேட்பாரே.

"வீட்டுக்காரர் இருக்காராம்மா?"

"இருக்காங்க சார். பள்ளிவாசலுக்குப் போயிருக்காங்க."

சார் வாசலைப் பார்த்தார். மண்ணே படாமல் பளபளவென்று செருப்பு.

"இந்த வெயில்ல வெறுங்காலோடவா போனாரு?"

என் சாமர்த்தியம் அவ்வளவுதான். தலையைக் குனிந்துகொண்டேன். சார் எழுதிக்கொண்டார், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

ஜமீலா படத்தைப் பெரிதாக்கினாள். பெயருக்குப் பக்கத்தில் பென்சிலில் பொடியாக: "மனைவி சொன்னது. ஆளைப் பார்க்கவில்லை."

மச்சான் திரும்பவே இல்லை. அந்த ஒரு தாளில்தான் எங்களோடு குடியிருந்தார். அதிலிருந்தும் நானே எப்படி அனுப்புவது? அப்படியே விட்டால், விடியுமுன் இடியாப்பம் பிழிந்து மூன்று வயிற்றை நிரப்பியது யார் என்று ஆகிவிடும்?

"நோட்டுல உள்ளத எழுதும்மா. கீழ, சொன்னது நான், சொன்னது பொய்யின்னும் எழுது."

சார் இறந்துவிட்டார். பழைய வீட்டை இடித்தபோது செருப்பு எந்தக் குப்பையோடு போனதோ.

ஜமீலா, நான் "இருக்காங்க சார்"னு சொன்ன எடத்த மட்டும் இன்னொரு தடவ வாசிச்சுக் காட்டு.